ராண்ட்விக்கில் ஒரு தட்டு அவல்

1999 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. விடிகாலை ஐந்தே காலுக்கு ஸ்பிரிங்வேலில் எங்கள் வீட்டிலிருந்து கார் கிளம்பியது. மெல்பர்னிலிருந்து சிட்னிக்குச் சாலை வழியாக ஏறக்குறைய எண்ணூற்று எண்பது கிலோமீட்டர். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் காரில் போவது புத்திசாலித்தனமா என்று நான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். காரில்தான் போகவேண்டும் என்று சொன்னவர் என் மாமியார்.

"முப்பது வருஷத்துக்கு மேல ஆன கோவத்தைப் பாக்கப் போறேன். ஒன்றரை மணி நேரத்துல போய் இறங்கினா என்ன பேசன்னு எனக்குத் தெரியாது. மெதுவாப் போவோம்" என்றார்.

காரில் நாங்கள் நான்கு பேர். ஓட்டுவது என் கணவர் செல்வின். பின் இருக்கையில் நான், பக்கத்தில் எங்கள் ஒரு வயது மகள் ஷாரோன். முன்னால் அத்தை. அத்தையின் காலடியில் ஒரு பழப்பெட்டி. ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் முந்தின நாள் வாங்கிய மாம்பழமும் லிச்சியும். "பழம் மட்டும் எடு. நம்ம வீட்டுப் பாத்திரத்துல செஞ்சது எதுவும் அண்ணன் வீட்டுல யார் வாயிலயும் படாது. அவங்க சாப்பாட்டுச் சட்டம் அப்படி" என்று அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் செய்து வைத்திருந்த முறுக்கு வீட்டிலேயே நின்றுவிட்டது.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. பெயர் எஸ்தர். பம்பாயில் பிறந்த யூதப் பெண். கொங்கண் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்த, வீட்டில் மராத்தி பேசுகிற யூதர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். நான் பாளையங்கோட்டையில் கணக்கு படித்துக் கணக்கே சொல்லிக்கொடுத்தவள். யூதர்கள் என்றால் எனக்கு வேதாகமத்துக்குள் இருப்பவர்கள்.

பம்பாய் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஜெபராஜ், என் மாமனார். அவரை அத்தை கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்பு ஞானஸ்நானம். கிறிஸ்தவப் பெயர் வைக்கவேண்டும் என்று போதகர் யோசித்தாராம். எஸ்தர் என்பது ஏற்கெனவே வேதாகமப் பெயர். மாற்ற எதுவும் இல்லாமல் அதே பெயரோடு தண்ணீர் தெளித்து அனுப்பிவிட்டார்.

கிளேட்டனில் ஒரு வெள்ளைக்காரச் சபையின் ஆலயத்தில் ஞாயிறு மாலைதோறும் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கிறது. அதற்கு முதலில் வந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்குபவர் அத்தைதான். அதே அத்தை வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். சனிக்கிழமை அடுப்பைத் தொடமாட்டார். பழைய சோறும் தயிரும்தான். உடம்புச் சூட்டுக்கு என்று நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வினோ எல்லார் வீட்டு அம்மாக்களும் வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்று நினைத்து வளர்ந்தவர்.

விஷயம் தெரிந்த பிறகு எனக்கு நிம்மதி இல்லை. ஒருவர் யூதராகவும் கிறிஸ்தவராகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியுமா? எங்கள் போதகரிடம் கேட்டேன். "பவுல் அப்போஸ்தலரே யூதர்தானே" என்றார். பிறகு, "ஆனா அது அந்தக் காலம்" என்றார். கடைசியில், "அம்மா நல்லவங்க. நீங்க கண்டும் காணாம இருங்க" என்று முடித்தார். நானும் அப்படியே இருந்தேன். வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி ஏற்றுகிற நேரம் பார்த்து, ஷாரோனைக் குளிப்பாட்டுகிற வேலை எப்படியோ எனக்கு வந்துவிடும். தொட்டிலில் இருந்து அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்திவிடுவேன்.

டிசம்பரில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. சிட்னியில் மகள் வீட்டோடு இருக்கும் அத்தையின் அண்ணன் சாமுவேல். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேசவே இல்லை. மாமனார் இறந்த செய்தியும் எங்கள் நம்பரும் பம்பாய்ச் சொந்தக்காரர்கள் மூலம் அவருக்குப் போயிருக்கிறது. இப்போது இருதய அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்திருக்கிறார். அதற்கு நன்றியாக வீட்டில் மலிதா வைக்கிறார். மலிதா என்பது பம்பாய் யூதர்களின் வழக்கம். நல்லது நடந்தால் எலியா தீர்க்கதரிசியை நினைத்து ஒரு தட்டில் இனிப்பு அவலும் பழங்களும் வைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லி எல்லாருமாகச் சாப்பிடுவது. "வா. உன் மகன், மருமக, பேத்தி எல்லாரையும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அன்று அத்தை என்னிடம் சொன்னார்: "அந்தத் தட்டுல இருந்து ஒரு பிடி அவல். அண்ணன் கையால. அது போதும் எனக்கு. ஆனா வேதக்கோயிலுக்குப் போறதில்லன்னு பொய் சொல்லி அதை வாங்கமாட்டேன்."

அந்தப் பிடி அவலுக்காகத்தான் இத்தனை தூரம்.

காலை ஒன்பது மணி, ஆல்பரி. முர்ரே ஆற்றைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ். பெட்ரோல் லிட்டருக்கு எழுபது சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் ஹோல்புரூக். சின்ன ஊர். நெடுஞ்சாலையே கடைவீதி. அதன் ஓரப் பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. கடல் அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. ஷாரோனைப் புல்லில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.

பக்கத்துப் பெஞ்சில் மீட் பை என்கிற இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த லாரி ஓட்டுநர், நாங்கள் கேட்காமலே ஆங்கிலத்தில் விளக்கினார். "மேல் பாதி மட்டும்தான் இருக்கு, அம்மா. தண்ணிக்குக் கீழே இருக்கிற பாதியைக் கொண்டுவரல."

அத்தை கப்பலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். "பாவம். பாக்கிறவங்க இதுதான் முழுசுன்னு நெனச்சுக்குவாங்க" என்று சொல்லிக் காரில் ஏறிக்கொண்டார்.

கண்டகாய் தாண்டியதிலிருந்து எனக்கு வேறொரு கவலை. சாமுவேலை நான் என்னவென்று கூப்பிடுவது? செல்வினுக்குத் தாய்மாமா. நானும் மாமா என்றே சொல்லலாம். முறைப்படி பார்த்தால் மாமியார் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை முறை, அவருடைய அண்ணன் எனக்குப் பெரியப்பா. பேசாமல் அங்கிள் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் அங்கிள் என்றால் தள்ளி நிறுத்துவது போல ஆகாதா? கோல்பர்னில் அந்தப் பிரம்மாண்டமான கான்கிரீட் செம்மறியாட்டின் நிழலில் ஷாரோனுக்கு உடை மாற்றும்போதும் இதே யோசனை. யோசனையோடு யோசனையாக, சொல்லக்கூடாத ஒன்றையும் அங்கே சொல்லிவிட்டேன்.

அத்தையின் கழுத்தில் தாலி இருக்கிறது. மாமனார் இறந்து இரண்டு வருடமாகியும் கழற்றவில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவத் தாலி, அதாவது நடுவில் சிலுவை.

"அத்தை, அவங்க வீட்டுல மட்டும் சங்கிலியைச் சேலைக்குள்ள போட்டுக்கிடுறீங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். "தண்ணி இருக்கா?" என்று கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு மூடியைத் திருகினார். அவருடைய நன்மைக்காகத்தானே சொன்னேன் என்று செவன் ஹில்ஸ் வரை எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு விளக்கமும் முந்தினதைவிட மோசமாக இருந்தது.

மாலை ஆறரை மணிக்குச் செவன் ஹில்ஸ். சிட்னியின் மேற்குப் புறநகர். அங்கே ஸ்டெல்லா அன்ரி வீட்டில் தங்கல். அவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். மெல்பர்னில் இருந்த காலத்தில் எங்கள் பக்கத்து வீடு.

"வாங்கோ, வாங்கோ. பிள்ளை நல்லாக் களைச்சுப் போச்சு. குசினிக்குள்ள வாங்கோ, அங்கதான் காத்து வரும்."

அத்தை காலைக் கழுவிவிட்டு நேராக மெழுகுவத்திகளை எடுத்தார். இங்கே கோடையில் இரவு எட்டு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. நேரம் இருந்தது. சமையலறை மேசையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணை மூடினார்.

"ஆருக்கு அக்கா மெழுகுதிரி?" என்று ஸ்டெல்லா அன்ரி கேட்டார்.

"வெள்ளிக்கிழமைக்கு."

"ஓம், வெள்ளிக்கிழமை திருவிருதய ஆண்டவருக்கு நல்ல நாள்தானே." அன்ரி உள்ளே போய் இன்னொரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் ஏற்றிவைத்து, முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்கிவிட்டார். நான் எதையாவது விளக்கவேண்டுமோ என்று செல்வினைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அத்தை முடித்த பிறகும் எழுந்து போகாமல், அன்ரியின் செபமாலை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை அத்தை வெளியே வரவில்லை. நாங்கள் மட்டும் ரயிலில் சர்க்குலர் கீ போய்ப் பாலத்தையும் ஒபரா மாளிகையையும் பார்த்துவிட்டு வந்தோம். எல்லாரும் எழுதிய இடம். நான் எழுத ஒன்றுமில்லை, ஷாரோன் அங்கே தன் தொப்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டாள் என்பதைத் தவிர.

ஞாயிறு. ஆராதனைக்குப் போகாத ஞாயிறு எனக்கு எப்போதும் நெஞ்சில் குத்தும். பூசைக்குக் கிளம்பிய ஸ்டெல்லா அன்ரி, "நான் உங்களுக்கும் சேத்து மன்றாடிப்போட்டு வாறன், யோசிக்காதேங்கோ" என்றார். பகல் இரண்டு மணிக்கு நாங்கள் ராண்ட்விக் போய்ச் சேர்ந்தோம். செவன் ஹில்ஸிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். கடல்காற்று எட்டுகிற மேட்டுத்தெரு. சிவப்புச் செங்கல் அடுக்ககம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

அத்தை ஒவ்வொரு படியாக ஏறினார். நல்ல வெண்பட்டு. தாலிச் சங்கிலி சேலைக்கு வெளியே, பளிச்சென்று. கோல்பர்னில் நான் கேட்டதற்கு இதுதான் பதில் என்று புரிந்தது.

கதவு திறந்திருந்தது. நிலையில் தோளுயரத்தில் ஒரு சின்ன உலோகக் கூடு சாய்வாக அடித்திருந்தது. உள்ளே வேதவசனம் எழுதிய சுருள் இருக்குமாம். அத்தை உள்ளே காலெடுத்து வைக்கும்போது அவருடைய வலக்கை தானாக உயர்ந்து அதைத் தொட்டது. தொட்ட விரலை முத்தமிட்டார். கழுத்தில் சிலுவை, உதட்டில் விரல். எங்கள் வீட்டு நிலையில் அப்படி எதுவும் இல்லை. இத்தனை வருடம் அந்தக் கை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் சாமுவேல். மெலிந்த உயரமான மனிதர். அத்தையைத் தாண்டிச் செல்வினைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"ஏலே, ஜெபராஜ் மூஞ்சிய அப்படியே எடுத்து ஒட்டி வச்சிருக்கான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுத்தமான திருநெல்வேலித் தமிழ். பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் கேட்கிற தமிழ். பணிமனையில் மாமனாரும் இவரும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த சிநேகிதர்கள். மாமனாரிடம் பேசிப் பேசிக் கற்ற தமிழ். மாமனாரை முதன்முதலில் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தவரும் இவர்தான். கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு தங்கையின் கழுத்தைப் பார்த்தார்.

"அது அவன் கட்டுனதா?"

"ஆமா."

"கஷ்டப்பட்டானா?"

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டாங்க."

"சொல்லி விட்டிருக்கலாம்லா."

"எழுதினேன். பழைய விலாசத்துக்கு."

அவர் தலையசைத்தார். "உக்காரு" என்றார்.

கூடத்தில் இருபது பேர் இருப்பார்கள். அறிமுகப்படுத்தினார்கள்: சாமுவேலின் மனைவி ராகேல், மகள் லேயா, மற்றபடி மோசே, சாலமோன், ரெபெக்காள். என் அப்பா பெயர் சாலமோன். என் சித்தி ரெபெக்காள். இரண்டு பக்கத்துப் பெயர்களையும் கலந்துபோட்டால் யார் எந்தப் பக்கம் என்று பிரிக்கவே முடியாது.

தரையில் வெள்ளை விரிப்பு. நடுவில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம். நனைத்த அவல், தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய், திராட்சை, குவியலாக. அதைச் சுற்றி வாழைப்பழம், பேரீச்சை, ஆரஞ்சு. நாங்கள் கொண்டுபோன மாம்பழத்தையும் ராகேல் கழுவி வைத்திருந்தார். மேலே ரோஜா இதழ்கள். ஆண்கள் தலையில் குல்லாய். எபிரேயத்தில் பாடினார்கள். எலியாவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அத்தையின் உதடுகள் ஒரு சொல்லும் பிசகாமல் கூடவே அசைந்தன.

பாட்டு முடிந்து சாமுவேல் தட்டிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அடுத்து அத்தை. என் கையில் வைத்தார்.

தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் செய்தது புரியும். பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜை முடிந்து அவலும் பொரியும் கொடுப்பார்கள். "வேண்டாம்னு சொல்லி யார் மனசையும் நோகடிக்காத. வாங்கிக்கோ. வாயில போடாத" என்பது அம்மாவின் பாடம். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக்கூடாது. மரியாதையாக வாங்கி, காகிதத்தில் மடித்து, வெளியே வந்து தோழிக்குக் கொடுத்துவிடவேண்டும். தட்டு, பூ, பழம், அவல், பாட்டு. இவர்கள் ஒரே கடவுளை வணங்குகிறவர்கள் என்று என் புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அது டிஷ்யூ காகிதத்தை எடுத்து, அவலை அழகாக மடித்து, ஷாரோனின் பைக்குள் வைத்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த லேயா பார்த்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். மருந்தாளுநர். அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், சத்தமாக இல்லை, ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது: "அப்பா, நாம் இதைச் சிலைக்குப் படைத்தோம் என்று அவங்க நினைக்கிறாங்க."

சிலையை வணங்காதே என்ற கட்டளையை முதலில் வாங்கிய ஜனத்தின் வீட்டில், அந்தச் சொல் எப்படி விழும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சாமுவேல் கையில் அடுத்த பிடி அவலோடு நின்றுவிட்டார். அத்தையின் உள்ளங்கை அவருக்கு நேராக நீண்டிருந்தது. வெறுமையாக.

"இதைத்தான் அங்க போய்ச் சொல்லிக் குடுத்தியா, எஸ்தர்?"

என்னால் போயிற்று என்று நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த ஒரு பிடி, ஒரு டிஷ்யூ காகிதத்தால் போயிற்று.

அத்தை கையை மடக்கவில்லை. "அவ என்ன தப்பு செஞ்சா?" என்றார் நிதானமாக. "நானும் அதைத்தான் செஞ்சேன். ஞானஸ்நானம் எடுத்த பொறவு திருவிருந்துக்குப் போவேன். போதகர் கையில அப்பத்தை வைப்பாரு. வாயில போட மனசு வராது. கைக்குட்டைல மடிச்சு வச்சுக்கிடுவேன். ஒரு வருஷம் அப்படித்தான்."

"ஜெபராஜுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான முழங்கால் போட்டிருப்பாங்க. தெரியாம இருக்குமா? ஒரு நாள்கூடக் கேக்கல. அந்தக் கைக்குட்டையை எல்லாம் அவங்களே துவைச்சுக் குடுப்பாங்க."

சாமுவேல் புருவத்தைத் தூக்கினார். "துவைச்சானா? அவன் போட்ட சட்டையவே துவைக்கமாட்டாம்லா. பணிமனையில அவன் பக்கத்துல நிக்க முடியாது."

முதலில் சிரித்தது ராகேல். பிறகு செல்வின். சாமுவேல் சிரிக்கவில்லை, ஆனால் தோள்கள் இறங்கின.

"பொறவு தின்னியா?"

"தின்னேன். ஒரு கிறிஸ்மஸ்ல. நம்ம அப்பா வெள்ளிக்கிழமை ரொட்டியைப் பிட்டு நன்றி சொல்லிக் குடுப்பாங்கள்ல, அது ஞாபகம் வந்துச்சு. தின்னுட்டேன். இப்பவும் திங்கிறேன். அதை மறைக்க நான் வரல, அண்ணா. கோயிலுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை விளக்கும் ஏத்துறேன்."

"அப்ப நீ யாரு? எங்க ஆளா, அவங்க ஆளா?"

"சாப்பிடக் கை நீட்டிக்கிட்டு இருக்கிற ஆளு. கை வலிக்கு."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவலை வைத்தார். ஒரு பிடி அல்ல, இரண்டு. "ஒன்னைய எங்க கணக்குல இருந்து எடுக்க யாராலயும் முடியாது" என்றார். "பொறந்தா பொறந்ததுதான். அதனாலதாம்ட்டி இவ்வளவு கோவம். யாரோ ஒருத்தி கோயிலுக்குப் போனா எனக்கென்ன?"

அத்தை சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, மெழுகுவத்தி முன்னால் இருப்பது போல.

நான் ஷாரோனின் பையைத் திறந்து டிஷ்யூ காகிதத்தைப் பிரித்தேன். "மன்னிச்சிருங்க" என்று சொல்லி வாயில் போட்டேன். ஏலக்காயும் தேங்காயும். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் மடித்துக் கொடுத்துவிட்ட அவல் இப்படித்தான் இருந்திருக்கும் போல. ஆனால் ஷாரோனுக்கு ஊட்டவில்லை. குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு சாமுவேல் செல்வினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "எங்க சட்டப்படி நீயும் எங்க ஆளுதாம்லே. அம்மா வழிதான் கணக்கு."

செல்வின் திகைத்துப்போனார். "நான் கொயர்ல பாடுறேன் மாமா."

"பாடு. வேதத்துல இருக்கிற சங்கீதம்தான பாடுவ? அது எங்க ராஜா எழுதுனது."

"அப்ப ஷாரோன்?"

"அவ இல்ல. அவ அம்மா எங்க ஆளு இல்லையே."

இதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. அடுத்த நிமிடமே ஏதோ ஒரு கதவு என் குழந்தையின் முகத்தில் சாத்தப்பட்டது போல வருத்தம். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் வந்தன என்று எனக்குத் தெரியவில்லை.

சமையலறையில் தட்டுக் கழுவும்போது லேயாவிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். கோபம் போயிருந்தது. ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"நீங்க மடிச்சு வச்சது பெரிசில்ல. ஆனா அத்தை சொல்றது போல ரெண்டாவும் இருக்க முடியும்னு நான் ஒத்துக்கமாட்டேன். அவங்க ஒருத்தங்களால முடியுது. அவங்க மகனுக்கு அந்த விளக்கு என்னன்னே தெரியாது. பேத்திக்கு விளக்கே தெரியாது. நாங்க ரொம்பக் கொஞ்சம் பேர். ரெண்டாவும் இருக்கிறதுன்னா, ரெண்டு தலைமுறையில ஒண்ணு இல்லாமப் போறதுன்னு அர்த்தம்."

ஷாரோனுக்கு விளக்கு ஏன் தெரியாது என்று எனக்குத் தெரியும். சாத்திய குளியலறைக் கதவை நான் லேயாவிடம் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சாமுவேல் மூன்று மாடியும் இறங்கி வந்தார். மகள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. என் கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தார்.

"வழியில தின்ன. இது ஜெபம் பண்ணுததுக்கு முன்னாலயே தனியா எடுத்து வச்ச அவல். நீ பயப்படாம தின்னலாம்." முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது.

அத்தனை கிலோமீட்டர் யோசித்தும் முடிவாகாத சொல் அப்போது தானாக வந்தது. "ஜெபம் பண்ணினதே குடுங்க, பெரியப்பா."

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு மறுபடி படியேறப் போனார். செல்வின் ஓடிப்போய்த் தடுத்துத் தானே மேலே போய் மாற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் பெரியப்பா ஷாரோனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சட்டத்துல நீ எனக்கு யாருமில்லட்டி" என்று அவளிடம் சொன்னார். "ஆனா நான் ஒனக்குத் தாத்தா. இதை எந்த ரப்பி வந்து மாத்துவான்?" ஷாரோன் அவருடைய குல்லாயைப் பிடித்து இழுத்தாள்.

ஜனவரி 25, திங்கட்கிழமை, திரும்பும் வழி. பதினோரு மணிக்கே முப்பத்தாறு டிகிரி. அத்தை கோல்பர்ன் வரை தூங்கினார். இத்தனை வருடத்தில் அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. பிற்பகலில் மறுபடி ஹோல்புரூக். நீர்மூழ்கிக் கப்பலின் நிழலில் துணி விரித்து டப்பாவைத் திறந்தோம். அவல் கொஞ்சம் உலர்ந்திருந்தது. ராத்திரி ஸ்டெல்லா அன்ரி வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்ததால் தேங்காய் கெடவில்லை. நான் ஒரு சிட்டிகை எடுத்து, பாலில் நனைத்து, நசுக்கி, ஷாரோனின் வாயில் வைத்தேன். ஏலக்காய் பட்டதும் முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னும் வேண்டும் என்று என் கையைப் பிடித்தாள்.

அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுக்கும்போது, "வெறும் டப்பாவாத் திருப்பிக் குடுக்கக்கூடாது" என்றார்.

"நம்ம வீட்டுல செஞ்சது அவங்க சாப்பிடமாட்டாங்களே, அத்தை."

"பழம் வச்சுக் கொண்டுபோவோம். ஈஸ்டர் கழிஞ்சு லீவு வருமில்ல?"

சிட்னியில் கடல் இருக்கிறது, மேடுபள்ளம் இருக்கிறது. எங்கள் ஸ்பிரிங்வேல் சமதரை. தெருக்கள் நேர்கோடு. திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டு வாசல் நிலை கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. லேயா சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. ஒருவர் இரண்டாகவும் இருக்க முடியுமா என்று இப்போது யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்பது மட்டுமே என்னால் சொல்ல முடியும். அவர் பக்கத்து அறையில் இருக்கிறார், அவரோடு ஒரே வீட்டில் என் மகள் வளர்கிறாள், அதற்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஷாரோனை மத்தியானமே குளிப்பாட்டிவிட்டேன்.